இயற்கையைப் பார்த்து ஒரு பகிர்வு வட்டம் அமைப்பது எப்படி

ஒரே தெருவில் இருபது வீடுகள் இருந்தால் அங்கே பதினைந்து ஏணிகளாவது இருக்கும். ஒவ்வொன்றும் ஆண்டில் நான்கைந்து நாள் மட்டுமே பயன்படும். மற்ற நாள்களில் சுவரில் சாய்ந்தபடி தூசி படிந்து கிடக்கும். டிரில்லிங் மெஷின், தையல் இயந்திரம், விருந்தினர் வரும்போது மட்டும் வெளியே வரும் மடக்குக் கட்டில், பிள்ளைகள் வளர்ந்த பிறகு பரணில் ஏற்றிய தொட்டில் என்று பட்டியல் நீளும். இவற்றை நமக்குள் பகிர்ந்துகொள்ளலாமே என்று தோன்றாதவர் இல்லை. ஆனால் அப்படித் தொடங்கும் முயற்சிகளில் பல, சில மாதங்களிலேயே ஓசையின்றி நின்றுபோகின்றன. மனிதர்களின் சுயநலமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. நான் பார்த்த அளவில் காரணம் வேறு: பகிர்தலைத் தானமாக நினைத்துத் தொடங்குகிறோம், இல்லாவிட்டால் வியாபாரமாக நினைத்துத் தொடங்குகிறோம். தானமாக நினைத்தால் கொடுப்பவர் களைத்துப்போகிறார், வாங்குபவர் கூசிப்போகிறார். வியாபாரமாக நினைத்தால் ஒவ்வொரு பொருளுக்கும் கணக்குப் பார்த்து உறவே கசந்துபோகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வழிக்குத் தமிழில் ஒப்புரவு என்ற பழைய சொல் ஒன்று உண்டு. உயிரினங்களிடையே கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிலைத்து வரும் கொடுக்கல் வாங்கல்களில் பல இந்த நடுவழியில்தான் நடக்கின்றன. அவற்றைப் பார்த்து, பத்து முதல் இருபது குடும்பங்கள் சேர்ந்து ஒரு பகிர்வு வட்டத்தை எப்படி அமைக்கலாம், அமைத்ததை எப்படிக் காப்பாற்றலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள்

வட்டத்தைப் பற்றி யாரிடமும் பேசுவதற்கு முன் இந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். அவரை, தட்டை, சோயா என்று பயறு இனத்தைச் சேர்ந்த ஏதாவது ஒரு செடி பூக்கத் தொடங்கும் பருவத்தில், மண்ணை நன்றாக நனைத்துவிட்டு, வேர் அறாமல் தோண்டி எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல அலசுங்கள். வேரில் கடுகளவிலும் மிளகளவிலும் முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். அவற்றில் பெரியதாக ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்தால், உள்ளே ஈறு போன்ற இளஞ்சிவப்பு நிறம் தெரியும். நம் ரத்தத்துக்கு நிறம் தரும் ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய உறவான ஒரு புரதம் அந்த நிறத்தைத் தருகிறது. அந்தச் சிவப்பு இருந்தால், உள்ளே குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். முற்றிய முடிச்சின் உட்புறம் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அங்கே வேலை நின்றுபோயிருக்கிறது.

செடிக்கு வெயிலும் காற்றும் தண்ணீரும் போதும், சர்க்கரை செய்துகொள்ளும். ஆனால் தன்னைச் சுற்றிலும் நிறைந்திருக்கும் நைட்ரஜனை அதனால் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. பாக்டீரியாவுக்கு நைட்ரஜனை மாற்றத் தெரியும், ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய ஆற்றலுக்கு அது செடியின் சர்க்கரையை நம்பியிருக்கிறது. தனக்கு எளிதாகக் கிடைப்பதையும் அடுத்தவருக்கு அரிதானதையும் இரண்டும் மாற்றிக்கொள்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே பொருளை வைத்திருந்தால் அந்த முடிச்சே உருவாகியிருக்காது. உங்கள் வட்டத்தில் யார் என்ன கொடுப்பது என்ற கேள்விக்கு முதல் விடை இந்த முடிச்சுக்குள் இருக்கிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இயற்கையைப் பற்றி எழுதும்போது அதைத் தெய்வமாக்கிவிடும் ஆசை நம் எல்லோருக்கும் வருகிறது. 1997 இல் கனடாவின் காடுகளில் சுசேன் சிமார்டும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வு, பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கும் இடையே கார்பன் இடம்பெயர்வதைக் காட்டியது. அதிலிருந்து, தாய் மரங்கள் பூஞ்சை இழைகளின் வழியாகத் தம் பிள்ளைகளுக்கு ஊட்டுகின்றன என்ற கதை உலகெங்கும் பரவியது. 2023 இல் அதே துறையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சிலர் சான்றுகளைத் திரும்ப ஆராய்ந்து, காடுகளைப் பற்றி இப்படிச் சொல்லப்படும் பல கூற்றுகளுக்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். மரங்கள் அன்பினால் கொடுக்கின்றன என்று நம்பி ஒரு வட்டத்தைத் தொடங்கினால், முதல் ஏணி திரும்பி வராத நாளில் அந்த நம்பிக்கை உடைந்துவிடும். செடிக்கும் பூஞ்சைக்கும் இடையே ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளாக உறவு இருக்கிறது. அவ்வளவு பழைய பாறைகளில் அதன் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அது இத்தனை காலம் நீடித்ததற்கு இரு தரப்பும் ஒன்றையொன்று கவனித்துக்கொண்டிருப்பதும் ஒரு காரணம். 2011 இல் டோபி கியர்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், செடி தனக்கு அதிகப் பாஸ்பரஸ் தரும் பூஞ்சைக்கு அதிகச் சர்க்கரை அனுப்பியது. பூஞ்சையும் தனக்கு அதிகச் சர்க்கரை தரும் வேருக்கே அதிகப் பாஸ்பரஸ் கொடுத்தது. கவனிப்பு இருப்பதால் அந்த உறவின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

மிகுதி எது என்று கண்டுபிடிப்பது

இப்போது வீட்டுக்குள் வாருங்கள். ஒரு தாளில், கடந்த ஓராண்டில் பத்து நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்திய பொருள்களை எழுதுங்கள். அதே தாளின் மறுபக்கத்தில், உங்களுக்குச் சிரமமில்லாமல் வரும் வேலைகளை எழுதுங்கள்: படிவம் நிரப்புவது, கிழிந்ததைத் தைப்பது, கணக்குச் சொல்லிக்கொடுப்பது, குழாயின் வாஷர் மாற்றுவது, மருத்துவமனைக்குத் துணையாகப் போவது. பொருளைவிட இந்தப் பக்கம்தான் பெரும்பாலும் நீளமாக வரும். தோட்டம் வைத்திருப்பவர்கள் விதை, நாற்று, ஒரே வாரத்தில் மொத்தமாகக் காய்த்துத் தள்ளும் காய்கறி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தியாகமாகத் தோன்றும் எதையும் இந்தத் தாளில் எழுத வேண்டாம். அதற்கான காரணத்தை ரத்தம் குடிக்கும் வௌவால்களிடம் காணலாம். மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் இந்தச் சிறிய விலங்கு, தொடர்ந்து மூன்று இரவுகள் உணவு கிடைக்காவிட்டால் பெரும்பாலும் இறந்துவிடும். வேட்டை கிடைக்காமல் திரும்பி வந்த வௌவால், நன்றாக உண்டு வந்த ஒன்றின் அருகே தொங்கியபடி அதன் முகத்தை நக்குகிறது. உண்டு வந்தது தன் வயிற்றிலிருக்கும் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து அதன் வாயில் ஊட்டுகிறது. கோஸ்டா ரிகாவில் இதை ஆராய்ந்த ஜெரால்ட் வில்கின்சன் 1984 இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு நுட்பமான கணக்கு இருக்கிறது. வயிறு நிறைந்த வௌவால் கொஞ்சம் ரத்தத்தைக் கொடுத்தால், அது பட்டினியை நோக்கிச் சில மணி நேரம் மட்டுமே முன்னே நகர்கிறது. அதே அளவு ரத்தம், பட்டினியின் விளிம்பில் இருக்கும் வௌவாலுக்கு அதைவிடப் பல மணி நேரம் கூடுதலாக வாழ்வு தருகிறது. துளி ஒன்றுதான்; கொடுக்கும் இடத்தில் அதன் எடை குறைவாகவும் பெறும் இடத்தில் அதிகமாகவும் இருக்கிறது. பகிர்வினால் புதிதாக ஒரு பயன் பிறப்பது இந்த இடைவெளியில்தான். எனவே தாளில் எழுதும் ஒவ்வொன்றின் எதிரிலும், ‘இதைக் கொடுத்தால் எனக்கு என்ன குறையும், வாங்குபவருக்கு என்ன கூடும்’ என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்குக் குறைவது அதிகமாக இருந்தால் அடித்துவிடுங்கள். தினமும் வேலைக்கு எடுத்துப் போகும் சைக்கிளைப் பெருந்தன்மையில் பட்டியலில் சேர்த்துவிட்டு, பிறகு ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் புழுங்கியவர்களை எனக்குத் தெரியும். அந்தப் புழுக்கம் ஒருவரோடு நிற்பதில்லை, வட்டம் முழுவதும் பரவிவிடுகிறது.

யாரைச் சேர்ப்பது

நம்மைப் போன்றவர்களையே சேர்த்துக்கொள்ளத் தோன்றும். ஒரே வயது, ஒரே வேலை நேரம், ஒரே மாதிரி வீடு என்றால் பேசிப் பழகுவது எளிது. ஆனால் எல்லோருக்கும் ஒரே பொருள் ஒரே நாளில் தேவைப்படும், ஒரே பொருள் எல்லோரிடமும் மிஞ்சும். அத்தி, ஆல், அரசு ஆகிய மூன்றும் தாவரவியலில் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அந்த இனத்து மரங்களில் மகரந்தம் சேர்க்கும் சிறு குளவிகள், வளர்ந்த பின் ஓரிரு நாள்களே உயிரோடிருக்கும். அதற்குள் அவை தக்க பருவத்தில் இருக்கும் இன்னொரு மரத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஒரு வட்டாரத்தின் எல்லா மரங்களும் ஒரே மாதத்தில் காய்த்துவிட்டால் குளவிகள் அழிந்துபோகும். மரங்கள் வெவ்வேறு காலங்களில் காய்ப்பதால்தான் குளவிகளும் பிழைக்கின்றன, வேறு பழங்கள் கிடைக்காத மாதங்களில் பறவைகளுக்கும் குரங்குகளுக்கும் இரையும் கிடைக்கிறது. ஓய்வுபெற்றவர், கைக்குழந்தை உள்ள வீடு, இரவுப்பணிக்குப் போகிறவர், கல்லூரி மாணவர் என்று காலமும் தேவையும் மாறுபட்டவர்களைத் தேடிச் சேருங்கள்.

அதோடு வட்டத்துக்கு ஓர் எல்லை வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே என்று தெரியாத இடத்தில் யாருக்கும் பொறுப்பு இருக்காது. மனிதர்களின் பொதுச்சொத்துகளைப் பல நாடுகளில் ஆராய்ந்து, 2009 இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்ணான எலினார் ஆஸ்ட்ரம், நீண்ட காலம் நிலைத்த அமைப்புகளின் பண்புகளில் முதலாவதாகத் தெளிவான எல்லையையே சொன்னார். அவர் எடுத்துக்காட்டிய சுவிட்சர்லாந்து மலைக்கிராமமான டோர்பெலில் 1517 ஆம் ஆண்டு முதல் ஒரு விதி எழுத்தில் இருக்கிறது: குளிர்காலத்தில் தன் சொந்தத் தீவனத்தால் எத்தனை பசுக்களைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை பசுக்களை மட்டுமே ஒருவர் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். பொதுவில் எடுப்பதற்கான அளவை அவரவர் தாங்கும் திறனோடு கட்டிப்போட்ட இந்த ஒரு வரியை நான் பலமுறை நினைத்துப் பார்த்து வியந்திருக்கிறேன். உங்கள் வட்டத்திலும் ஒருவர் ஒரே நேரத்தில் எத்தனை பொருளைக் கையில் வைத்திருக்கலாம் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி எழுதிவிடுங்கள். இரண்டு என்பது பொருத்தமான எண்.

சிறியதிலிருந்து தொடங்குவது

முதல் மாதத்தில் விலை உயர்ந்த பொருள் எதையும் கைமாற்ற வேண்டாம். புத்தகம், நாற்று, அரை மணி நேர உதவி ஆகியவை போதும். மறுபடியும் வௌவால்களுக்கே வருகிறேன். 2020 இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்றையொன்று முன்பின் அறியாத வௌவால்களை ஒரே கூண்டில் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். அவை எடுத்தவுடன் உணவைப் பகிர்ந்துகொள்ளவில்லை. முதலில் ஒன்றின் மயிரை மற்றொன்று கோதிவிட்டது. கோதுவதில் செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. அந்தப் பழக்கம் இரு பக்கமும் வளர்ந்த பிறகுதான் சில இணைகள் ரத்தத்தைப் பகிரும் நிலைக்கு வந்தன. நம்பிக்கையை அவை படிப்படியாக உயர்த்திக்கொண்டன. நாம் முதல் கூட்டத்திலேயே கார் சாவியை மேசையில் வைத்துவிட்டு, பிறகு அதற்காக வருந்துகிறோம்.

கேட்கும் பழக்கத்தையும் இந்த மாதத்திலேயே உண்டாக்கிவிட வேண்டும். பல வட்டங்கள் கொடுக்க ஆள் இல்லாமல் நிற்பதில்லை, வாய்திறந்து கேட்க ஆள் இல்லாமல் நின்றுபோகின்றன. மொசாம்பிக்கின் நியாசா பகுதியில் யாவோ மக்களும் தேன்காட்டிப் பறவையும் சேர்ந்து தேன் எடுக்கிறார்கள். பறவைக்குக் கூடு இருக்கும் மரம் தெரியும். மனிதருக்குத் தீயும் கோடரியும் தெரியும். தேன் மனிதருக்கு, மெழுகு பறவைக்கு. இதற்கென்றே தலைமுறைகளாகக் கற்பிக்கப்படும் ஓர் அழைப்பொலி அவர்களிடம் இருக்கிறது. 2016 இல் கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் குழுவினர் சோதித்துப் பார்த்தபோது, வேறு ஒலிகளை எழுப்பினால் 33 விழுக்காடாக இருந்த பறவை வழிகாட்டும் வாய்ப்பு, அந்த அழைப்பை எழுப்பியபோது 66 விழுக்காடாக உயர்ந்தது. தெளிவாகக் கேட்டால் கிடைக்கிறது. ‘உங்களுக்குச் சிரமமில்லையென்றால், எப்போதாவது’ என்று இழுப்பதற்குப் பதிலாக, ‘சனிக்கிழமை காலை ஏணி வேண்டும், மாலை ஆறு மணிக்குள் திருப்பித் தருகிறேன்’ என்று கேட்கப் பழகுங்கள். முதல் மாதத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு முறையாவது எதையாவது இரவல் கேட்க வேண்டும் என்று எங்கள் வட்டத்தில் விதியாகவே வைத்தோம். கொடுத்து மட்டுமே பழகிய இரண்டு மூத்தவர்களுக்கு அது மிகவும் கடினமாக இருந்தது. அதன் பிறகுதான் மற்றவர்கள் அவர்களிடம் தயங்காமல் கேட்கத் தொடங்கினார்கள்.

பதிவேட்டில் எழுத வேண்டியதும் வேண்டாததும்

எல்லோரும் பார்க்கும்படி ஒரு நோட்டு, அல்லது செல்பேசியில் ஒரு பொதுப் பட்டியல் போதும். பொருள், எடுத்தவர், எடுத்த நாள், திருப்பிய நாள், திரும்பும்போது அதன் நிலை ஆகியவற்றை எழுதுங்கள். பொருளின் விலையையோ ‘இவர் அவருக்கு இன்னும் இவ்வளவு செய்ய வேண்டும்’ என்ற பாக்கியையோ எழுதவே வேண்டாம். பாக்கி எழுதத் தொடங்கிய நாளிலேயே வட்டம் கடையாகிவிடுகிறது. வௌவால்களும் வாங்கியதை மறப்பதில்லை: 2013 இல் வெளியான ஆய்வில், எந்த வௌவால் எதற்கு உணவு கொடுக்கும் என்பதை ரத்த உறவைவிட, முன்பு எது தனக்குக் கொடுத்தது என்பதே அதிகமாகத் தீர்மானித்தது. ஆனால் துளிக்குத் துளி கணக்குத் தீர்ப்பதாக அது இல்லை. நினைவு வைத்திருப்பது வேறு, கணக்கு வைத்திருப்பது வேறு.

நோட்டு எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் பவளத்திட்டுகளில் இருக்கிறது. அங்கே வாழும் துப்புரவு மீன், பெரிய மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்கிறது; ஒரு நாளில் இரண்டாயிரம் முறைக்கு மேல் கூட அதனிடம் மீன்கள் வந்து போகும். உண்மையில் அதற்கு ஒட்டுண்ணியைவிட அந்த மீன்களின் மேல்தோல் வழவழப்புதான் பிடிக்கும். அதைக் கடித்தால் வந்த மீன் திடுக்கிட்டு ஓடிவிடும். காத்திருக்கும் வேறு மீன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது துப்புரவு மீன் அப்படிக் கடிப்பது குறைகிறது என்று ரெதுவான் ப்ஷாரி முதலியோரின் ஆய்வுகள் காட்டின. வெளிப்படையாக இருந்தாலே நடத்தை பாதி சீராகிவிடும். மாதம் ஒருமுறை கூடி நோட்டை வாய்விட்டுப் படித்தால் போதும், அதற்கு மேல் கண்காணிப்பு தேவையில்லை.

திருப்பித் தராதவரை என்ன செய்வது

எல்லோரும் பேசத் தயங்குவது இதைத்தான். ஆனால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. என் டிரில்லிங் மெஷின் ஒருமுறை முனை உடைந்து திரும்பி வந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை அவர் கேட்டபோது வேறொருவரிடம் இருப்பதாகப் பொய் சொன்னேன். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் இல்லாதபோது வீட்டிலிருந்த வேறொருவர் பயன்படுத்தி உடைத்திருக்கிறார். அவருக்கே அது தெரியாது. முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புதிய முனை அன்று மாலையே வந்திருக்கும். என் மௌனம் அவர் மீதான மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவருக்கு நான் செய்த அநியாயம்.

சோயாச் செடி இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், சில வேர் முடிச்சுகளைச் சுற்றியுள்ள காற்றில் நைட்ரஜனுக்குப் பதிலாக ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். உள்ளே இருந்த பாக்டீரியாக்களால் செடிக்கு எதையும் கொடுக்க முடியாமல் போனது. செடி உடனே அந்த முடிச்சை அறுத்து எறிந்துவிடவில்லை. அந்த முடிச்சுக்குள் போகும் ஆக்சிஜனைக் குறைத்தது. அங்கே பாக்டீரியாக்கள் பெருகுவது குறைந்தது. மற்ற முடிச்சுகளுக்கு எல்லாம் வழக்கம் போலக் கிடைத்துக்கொண்டிருந்தது. நிலைத்த பொதுச்சொத்து அமைப்புகளில் ஆஸ்ட்ரம் கண்டதும் இதையே: முதல் தவறுக்கு மிகச் சிறிய நடவடிக்கை, தொடர்ந்தால் மட்டும் படிப்படியாகக் கூடுதல். எனவே இப்படி வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் தாமதமானால், கொடுத்தவரே நேரில் போய் இயல்பாகக் கேட்பார். இரண்டாவது முறையும் தாமதமானால், அந்தப் பொருள் வரும்வரை அடுத்த பொருள் கிடையாது. மூன்றாவது முறையானால், சிறிய பொருள்கள் மட்டும் தரப்படும். வட்டத்திலிருந்து நீக்குவது என்பது ஏறக்குறைய ஒருபோதும் தேவைப்படாது. அதிலும் கவனமாக இருங்கள்: கொடுக்க மனமில்லாதவரையும் கொடுக்க முடியாதவரையும் செடி பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த முடிச்சிலிருந்த பாக்டீரியாக்கள் மீது எந்தத் தவறும் இல்லை, காற்றை மாற்றியது ஆய்வாளர்கள். இங்கே நாம் செடியைவிட மேலாக நடந்துகொள்ள முடியும், நடந்துகொள்ளவும் வேண்டும். நோயில் படுத்தவரிடமும் வேலை இழந்தவரிடமும் திரும்ப வருவதை யாரும் எண்ணக் கூடாது. கேட்கச் செல்பவர் முதலில் ‘எல்லாம் நலமா’ என்று கேட்டு, பதிலை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பொருளைப் பற்றிப் பேச வேண்டும்.

வட்டம் பெரிதாகும்போது

நன்றாக நடக்கும் வட்டத்தில் சேர எல்லோரும் விரும்புவார்கள். இருபத்தைந்து குடும்பங்களைத் தாண்டினால் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பழகுவது குறையும், நோட்டில் பெயர்கள் மட்டும் நிறையும். அப்போது இரண்டாகப் பிரிந்துவிடுவது நல்லது, பிரிவதற்கு மனத்தாங்கல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேனீக் கூட்டம் பெருகிக் கூடு நெருக்கமாகும்போது, பழைய ராணியே வேலைக்காரத் தேனீக்களில் பெரும்பகுதியோடு வெளியேறுகிறது. புறப்படும் தேனீக்கள் வயிறு நிறையத் தேனை எடுத்துக்கொள்கின்றன. கட்டி முடித்த அடைகளும் மீதித் தேனும் புதிய ராணிக்கும் அவளோடு இருப்பவர்களுக்கும் விடப்படுகின்றன. அனுபவமுள்ளவர்களே புதிய வட்டத்தைத் தொடங்கப் போகட்டும். இரண்டிரண்டாக இருக்கும் பொருள்களில் ஒன்றையும், பதிவேட்டின் ஒரு பிரதியையும், எழுதிவைத்த விதிகளையும் அவர்கள் எடுத்துப்போகட்டும். ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருள்கள் பழைய வட்டத்திலேயே இருக்கட்டும், முதல் ஆறு மாதத்துக்கு இரு வட்டத்தாரும் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பிரியும் நாளில் எல்லாப் பொருள்களையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து பரப்பி, பழுதானவற்றைச் சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்துவிட்டு, அதன் பிறகு பங்கிடுங்கள்.